வால் தரையைத் தொட வேண்டும்

நவம்பர் 9, ஞாயிறு

பூசை முடிந்து வந்த கையோடு இனிகா ஒரு வெள்ளைக்காரப் பையனை வீட்டுக்கு அழைத்து வந்தாள். பெயர் பிரெண்டன். நிலையில் இடித்துக்கொள்ளாமல் இருக்கத் தலையைக் குனிந்துகொண்டுதான் உள்ளே நுழைந்தான், அவ்வளவு உயரம். தாடி வைத்திருக்கிறான். ஆனால் சுத்தமாக வைத்திருக்கிறான். "வணக்கம் ஆச்சி" என்றான். என் பேத்தி சொல்லிக் கொடுத்திருப்பாள்.

இவனைத்தான் கட்டிக்கொள்ளப் போகிறாளாம். மகன் லியோனுக்கும் மருமகள் ஜான்சிக்கும் இது முன்பே தெரிந்திருக்கிறது. சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து எந்தக் கோயில், எந்த மண்டபம், எந்த மாதம் என்று எல்லாவற்றையும் இங்கிலீஷிலேயே பேசி முடித்துவிட்டார்கள். எனக்கு இங்கிலீஷ் வராது என்றில்லை. ஐந்தாம் வகுப்பு வரைக்கும் நான்தான் முதல் மார்க்கு. நான் பேசினால் இவர்களுக்குத்தான் புரிவதில்லை. என் பக்கம் யாரும் திரும்பவில்லை. கோழி வறுவல் தட்டு மட்டும் இரண்டு தடவை என் பக்கம் திரும்பியது.

பையனின் அப்பா சொந்தமாகப் படகு வைத்து, மீன்பிடிக்க ஆசைப்படுகிறவர்களைக் கடலுக்குள் கூட்டிப் போகிறவர். பையனும் அதே வேலைதான். இனிகாவுக்கு, படித்த படிப்புக்கு, துறையில் நின்று வருகிற மீனையெல்லாம் அளந்து எழுதுகிற உத்தியோகம் கிடைத்திருக்கிறது. இவன் மீனை அளக்கப் போய் இவன் மனதையும் அளந்துவிட்டாள் போல.

பேச்சு முடிகிற நேரத்தில் நான் கேட்டேன். "எல்லாம் சரி. மீன் எப்போ வருது?"

எல்லாரும் அப்போதுதான் என்னைப் பார்த்தார்கள்.

எங்கள் குடும்பத்தில் பெண் கேட்டு வருகிற மாப்பிள்ளை வெறுங்கையோடு வர முடியாது. தான் பிடித்த மீனைத் தலையோடு முழுசாகக் கொண்டுவர வேண்டும். பெண் வீட்டு வாசலில் நின்று, செவுளில் விரலைக் கோத்து, மீன் தலையைத் தன் இடுப்புக்கு நேராகப் பிடிக்க வேண்டும். வால் தரையைத் தொட வேண்டும். தொட்டால் வீட்டில் மூத்த பொம்பளை "உள்ளே வா" என்பாள். தொடாவிட்டால் சொல்ல மாட்டாள். என் வீட்டுக்காரர் என்னைக் கேட்டு வந்தபோது கொண்டுவந்த சீலா மீனின் வால் எங்கள் வாசலையே கூட்டியது. ஊரே பார்த்தது.

இனிகா இதைச் சொல்லச் சொல்ல அந்தப் பையன் சிரித்துக்கொண்டே தன் இடுப்பைத் தொட்டுப் பார்த்தான். அந்த உயரத்துக்கு இடுப்பு எங்கள் வீட்டு ஜன்னல் மட்டத்தில் இருக்கிறது. "நோ பிராப்ளம்" என்றான்.

"ஆச்சி, நீங்க மனசார சரின்னு சொல்லாம நான் மோதிரம் போட மாட்டேன்" என்றாள் இனிகா.

எனக்கென்ன, அவர்கள் இஷ்டம். கேட்டதால் சொன்னேன்.


நவம்பர் 11, செவ்வாய்

ஊரிலிருந்து மதினி போன். என் வீட்டுக்காரரின் அக்கா, மிக்கேலம்மாள். சம்பந்தி கப்பல் கேப்டன் என்றும், ஆள் நீளத்துக்கு மீன் வரப்போகிறது என்றும் சொல்லிவைத்தேன். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்திருக்கும். இட்லிக்கு ஆட்டிய மாவு இரண்டு நாளாக அப்படியே கிடக்கிறது. இந்த ஊர்க் குளிரில் மாவு கூட எழுந்திருக்க மாட்டேன் என்கிறது.


நவம்பர் 15, சனி

பிரெண்டன் வந்தான். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே தோலும் இல்லாமல் முள்ளும் இல்லாமல் சோப்புக்கட்டி மாதிரி வெள்ளையாக நாலு துண்டு.

"தலை எங்கே?" என்று கேட்டேன்.

"தூக்கிப் போட்டுட்டாங்களாம் ஆச்சி. இங்கே யாரும் தலை சாப்பிட மாட்டாங்க" என்றாள் இனிகா.

நாற்பது வருஷம் கரையில் நின்று மீன் ஏலம் எடுத்தவள் நான். தலையை வெட்டிவிட்டு மீனை விற்க வருகிறவன் செவுளை மறைக்க வருகிறான் என்று அர்த்தம். செவுள் கறுத்தால் மீன் பழசு. அதை இந்தப் பையனிடம் பக்குவமாகச் சொல்லச் சொன்னேன். இனிகா என்ன சொன்னாளோ, அவன் முகம் செவுளை விடச் சிவந்துவிட்டது.

இந்த மீன் பெரியதும் இல்லையாம். சும்மா குழம்புக்காம். பெரியதைக் குளிர் நன்றாக இறங்கிய பிறகுதான் பிடிக்க வேண்டுமாம். வடக்கே இருந்து கூட்டமாகத் தெற்கே போகுமாம், கரையோரமாகவே. போட்டை மெதுவாக ஓட்டிக்கொண்டே தூண்டிலைப் பின்னால் இழுத்துப் போனால் வந்து கவ்வுமாம். இதை எனக்குச் சொல்கிறான். எங்கள் ஊரில் சீலாவுக்கு இப்படித்தான் இழுவைத் தூண்டில் போடுவார்கள், வெள்ளைக் கோழி இறகைக் கட்டி.

புளி ஊற்றிக் குழம்பு வைத்தேன். ருசி எப்படி என்று தெரிய வேண்டுமே, அதற்காக மூன்று துண்டு சாப்பிட்டுப் பார்த்தேன். பரவாயில்லை.


நவம்பர் 18, செவ்வாய்

இன்றைக்குக் கையில் பையும் இல்லை. போனை நீட்டினான். அதில் அவன் ஒரு மீனைப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நிற்கிறான். எங்கள் ஊர்க் கொடுவாய் மீன் சாடைதான். வெள்ளி உடம்பு, மேலே தலையிலிருந்து வால் வரைக்கும் ஏழெட்டுக் கறுப்புக் கோடு, யாரோ ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல.

"மீன் எங்கய்யா?"

"விட்டுட்டேன் ஆச்சி" என்றான். தமிழிலேயே சொன்னான். இனிகா அவனுக்கு வணக்கத்துக்கு அடுத்தபடியாக இதைத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

"சரி, சரி" என்றேன்.

வெறும் மடிவலையோடு கரைக்கு வருகிறவர்கள் எல்லாரும் இதைத்தான் சொல்வார்கள். கையில் வந்தது, நழுவியது, இத்தனை பெரியது. பிடிக்காத மீன் எப்போதும் பெரிய மீனாகத்தான் இருக்கும். போனில் யார் படம் வேண்டுமானாலும் போடலாம். என் பேரன் முறை ஒருத்தன் சிங்கத்தோடு நிற்கிற படம் வைத்திருக்கிறான், அவன் திருச்செந்தூரைத் தாண்டியதில்லை.

அவன் போன பிறகு இனிகா என்னை உட்கார வைத்து விளக்கினாள். இந்த வரிமீனுக்குச் சட்டம் இருக்கிறதாம். இருபத்தெட்டு அங்குலத்துக்குக் கீழே இருந்தால் விட்டுவிட வேண்டும். முப்பத்தொன்றுக்கு மேலே இருந்தாலும் விட்டுவிட வேண்டும்.

"சின்னதைப் பிடிக்காதேன்னா புரியுது. பெருசைப் பிடிக்காதேன்னா, அப்புறம் எதுக்கு ராத்திரியும் பகலுமா போட்டு ஓட்டுதான்?"

"பிடிக்கிறதுக்குத்தான் ஆச்சி. பிடிச்சுப் பார்த்துட்டு விடணும்."

"பார்த்துட்டா?"

"பெருசெல்லாம் பெரும்பாலும் பொம்பளை மீன் ஆச்சி. வயசாக வயசாக முட்டை அதிகமா போடும். அதான் வயசானதைத் தொடக்கூடாதுன்னு சட்டம். அவன் கொண்டுவந்தா முதல்ல அவனைப் பிடிச்சுக் குடுக்க வேண்டியவளே நான்தான்."

வயதான பொம்பளைக்கு இந்த நாட்டில் இவ்வளவு மரியாதை இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. மீனாகப் பிறந்திருக்க வேண்டும்.

ஆக, அவன் இடுப்புக்கு வால் தரையைத் தொடுகிற மீன் சட்டப்படி இந்த வாசலுக்கு வர முடியாது. இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் யோசித்திருப்பேன். இப்போது ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது.


நவம்பர் 19, புதன்

மதினி போன் பண்ணினாள். "ஏட்டி கித்தேரி, மீன் வந்துட்டா?"

வரும் என்றேன். காற்று சரியில்லை என்றேன்.

"பையன் நெட்டையனாம்லா. இடுப்பு உசரமா இருக்குமே, எப்படிச் சமாளிப்பான்? என் தம்பி மாதிரி முட்டியை மடக்கச் சொல்லு" என்று சொல்லிச் சிரித்தாள்.

சிக்னல் கட்டாகிவிட்டது. நான்தான் கட் பண்ணினேன்.

அவருக்குக் கல்யாணத்துக்கு முன்பே மூட்டுவலி உண்டு. அதனால் கொஞ்சம் மடங்கி நின்றிருப்பார். இதை வைத்துக்கொண்டு ஐம்பது வருஷமாகப் பேசுகிறாள்.


நவம்பர் 22, சனி

இனிகா என்னோடு பேசுகிறாள், ஆனால் பேசவில்லை. மாத்திரை போட்டாச்சா ஆச்சி, சாக்ஸ் போட்டுக்கோங்க ஆச்சி, அவ்வளவுதான். மோதிரம் அவள் மேசை டிராயரில் அந்தச் சின்னப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. நான் தேடிப் போகவில்லை. கத்தரிக்கோல் எடுக்கப் போனேன்.

லியோன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "எம்மா, அந்த மீனை விட்டுத் தொலைங்களேன்."

"அவன்தான் விட்டுட்டு விட்டுட்டு வாறானே" என்றேன்.

"அவ பிடிவாதம் உங்களுக்குத் தெரியும். நீங்க சரின்னு சொல்லாம போட மாட்டா. டிசம்பர் நடுவுல உங்களுக்கு டிக்கெட். நீங்க ஊருக்குப் போயிட்டா அவ அப்படியே உக்காந்திருப்பா."

பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று அவன் சொல்லவில்லை. ஜான்சி வழியாக இருக்கும்.

பயறு ஊறவைத்திருக்கிறேன்.


நவம்பர் 27, வியாழன்

இன்று இவர்களுக்கு வான்கோழிப் பண்டிகை. பிரெண்டன் வீட்டில் விருந்து. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் மர வீடு. அப்பா பெயர் ரஸ். கை இரண்டும் துடுப்பு மாதிரி இருக்கிறது. பேச்சு கம்மி. அம்மா லொரெய்ன் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுகிறாள். போட்டுக்கும் அவள் பெயர்தான் வைத்திருக்கிறார்.

வான்கோழியைப் பற்றி நான் ஒன்றும் எழுதப்போவதில்லை. உப்பு என்ற ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது.

சாப்பாட்டு நடுவில் ரஸ் என்னிடம் ஏதோ கேட்டார். "கடலோட உங்களுக்கு எத்தனை வருஷம்னு கேக்கார்" என்றான் லியோன்.

"நாற்பது" என்றேன். நாற்பதுதானே. கல்யாணமான மறுவருஷத்திலிருந்து நாற்பது வருஷம் கரையில் நின்றிருக்கிறேன்.

ரஸ் புருவத்தைத் தூக்கினார். எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்போதுதான் எனக்கு லேசாகச் சந்தேகம் வந்தது. எங்கள் ஊரில் பொம்பளைகள் வள்ளத்தில் ஏறுவதில்லை. கரையோடு சரி. நானும் கணுக்கால் தண்ணீருக்கு மேல் போனதில்லை. ஆனால் ஒரு பெரிய மனுஷன் எழுந்து வந்து கை கொடுத்த பிறகு அதை எப்படித் திருத்துவது.

"சனிக்கிழமை காத்து இல்லையாம். உங்களையும் போட்டுல கூட்டிட்டுப் போகணுமாம். பெரிய மீன் இந்த வாரத்தோட தெற்கே போயிருமாம். பிரெண்டன் பொய் சொல்லலன்னு நீங்களே வந்து பார்க்கணுமாம்" என்றான் லியோன். பிறகு குரலைத் தாழ்த்தி, "எம்மா, வேண்டாம்னு சொல்லிருங்க. நான் சமாளிச்சுக்கிடுதேன்" என்றான்.

மேசையில் இனிகா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நோ பிராப்ளம்" என்றேன்.


நவம்பர் 28, வெள்ளி

பயம் ஒன்றும் இல்லை. ஜெபமாலை சொல்ல நேரம் கிடைத்தது, மூன்று தடவை சொன்னேன்.


நவம்பர் 29, சனி

கை இன்னும் சரியாக மடங்கவில்லை, ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

விடியும் முன்பே கிளப்பினார்கள். ஜான்சி எனக்கு உள்ளே கம்பளிக் கால்சட்டை, அதற்கு மேல் சேலை, அதற்கு மேல் லியோனுடைய கோட்டு, அதற்கு மேல் மிதவைச் சட்டை, தலையில் குரங்குக் குல்லா என்று ஏற்றிவிட்டாள். கைக்குள் வைத்துக்கொள்ளச் சூடாகிற பை இரண்டு. கண்ணாடியில் பார்த்தேன். அரிசி மூட்டைக்குக் கண் வைத்தது போல இருந்தேன். "இந்தக் கோலத்துல ஒருத்தரும் என்னைப் படம் எடுக்கக் கூடாது. எடுத்தா அந்த போன் கடலுக்குள்ள போகும்" என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். இனிகா அதை இங்கிலீஷிலும் சொன்னாள்.

துறையில் போட்டுக்கும் மேடைக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி. கீழே கறுப்புத் தண்ணீர். ஒரு கால் மேடையில், ஒரு கால் காற்றில். எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது. பிரெண்டன் கையை நீட்டிக்கொண்டு நின்றான், இழுக்கவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. ஏறிவிட்டேன். எங்கள் தெருவில் கடலில் வள்ளம் ஏறிய முதல் பொம்பளை நான்தான். வெளியே சொல்ல முடியாத பெருமை.

லியோன் ஏறின இடத்திலேயே படுத்துவிட்டான். இன்ஜினியர். எனக்கு ஒன்றும் செய்யவில்லை. துறையின் வாயைத் தாண்டிக் கடலுக்குள் போனதும் காலையில் சாப்பிட்ட இட்லியை மீன்களுக்குக் கொடுத்தேன், அவ்வளவுதான். பிரெண்டன் ஒரு துணியை நீட்டினான், வாங்கித் துடைத்துக்கொண்டேன். அவன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு பறவையைப் பார்ப்பது போல நின்றான். நல்ல வளர்ப்பு.

தூண்டில் என்றால் நான் ஒரு கயிறு, ஒரு முள் என்று நினைத்திருந்தேன். இவர்கள் எடுத்து விட்டது துணி பறந்துபோன குடை. கம்பி கம்பியாக விரிந்து, ஒவ்வொரு கம்பியிலும் ஒரு ரப்பர் மீன் தொங்குகிறது. நடுவில் ஈயம். ஒரு மீனைப் பிடிக்க ஒரு மீன் கூட்டத்தையே பொம்மையாகச் செய்து இழுத்துப் போகிறார்கள். போட்டு, ஆள் நடக்கிற வேகத்துக்குப் போகிறது. பின்னால் தூண்டில் கம்புகள் வளைந்தபடி நிற்கின்றன. குளிர் மூக்கு வழியாக ஏறி மூளையைத் தொடுகிறது. ரஸ் ஒரு சின்ன டிவியைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். கடலில் வந்து டிவி பார்க்கிறாரே என்று இனிகாவிடம் கேட்டேன். அடியில் இருக்கிற மீன் அதில் தெரியுமாம். நானும் போய்ப் பார்த்தேன். பச்சையும் சிவப்புமாகக் கோடு. சீரியல் எவ்வளவோ மேல்.

ரஸ் என்னைப் பார்த்து, "நாற்பது வருஷம்?" என்று விரல்களை விரித்துக் காட்டினார். துணியால் வாயைத் துடைத்துக்கொண்டு நான் கரைப் பக்கம் கையைக் காட்டினேன். "அங்கே" என்றேன். இனிகா சொல்லாமலே அவருக்குப் புரிந்துவிட்டது. சத்தமில்லாமல் தோள் மட்டும் குலுங்கச் சிரித்தார். பிறகு போட்டின் பக்கவாட்டில் எழுதியிருந்த பெயரைத் தட்டிக் காட்டி, இனிகாவிடம் ஏதோ சொன்னார்.

"அவர் வீட்டம்மாவும் இதுல ஏறினதே இல்லையாம் ஆச்சி. பேரு மட்டும்தான் கடலுக்கு வருமாம்."

எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போயிற்று.

வெயில் வந்தும் சூடு வராத ஒரு நேரத்தில், தூரத்தில் வெள்ளைப் பறவைகள் மடக்கென்று தண்ணீருக்குள் குதிக்க ஆரம்பித்தன. ரஸ் போட்டைத் திருப்பினார். அந்த இடத்தைக் கடக்கும்போது ஒரு கம்பு பொத்தென்று வளைந்து, நுனி தண்ணீரைத் தொட்டது. நூல் சுற்றியிருக்கிற ராட்டை அலறியது. பிரெண்டன் ஓடிப் போய்க் கம்பைப் பிடுங்கி எடுத்தான். அதைத் தானே வைத்துக்கொள்வான் என்று பார்த்தால், நேரே என்னிடம் கொண்டுவந்து நீட்டினான்.

"நானா?"

"ஆச்சி" என்றான்.

பெட்டியின் மேல் உட்கார வைத்து, கம்பின் அடியை என் வயிற்றில் கட்டிய வாரில் இருந்த குழிக்குள் செருகி, பின்னால் நின்று கோட்டுக் காலரைப் பிடித்துக்கொண்டான். நான் ராட்டையைச் சுற்றினேன். சுற்றுவேன், அது இழுத்துக்கொண்டு போகும். மறுபடி சுற்றுவேன். யாரோ மறுமுனையில் அசைக்க முடியாத கோபத்தோடு உட்கார்ந்திருப்பது போல இருந்தது. ஒரு கட்டத்தில் நான் அதைத் திட்டினேன். என்ன திட்டினேன் என்று இங்கே எழுத வேண்டியதில்லை. படுத்திருந்த லியோன் எழுந்து உட்கார்ந்து, "எம்மா, இனிகாவுக்குத் தமிழ் புரியும்" என்றான்.

வந்தது. தண்ணீருக்கடியில் முதலில் ஒரு பெரிய வெளிச்சம் மாதிரித் தெரிந்தது. ரஸ் வலையைப் போட்டு அள்ளி ஈரச் சாக்கின் மேல் வைத்தார். நான் நாற்பது வருஷம் மீன் பார்த்தவள். அந்த மீனைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். என் நெஞ்சு உயரத்துக்கு இருக்கும். உப்பின வயிறு. கண் என் உள்ளங்கைக் குழி அளவு. வாயோரத்தில் ஒரு பழைய தழும்பு. முன்பே ஒருத்தன் பிடித்து விட்டிருக்கிறான்.

இனிகா பலகையை வைத்து அளந்தாள். "நாற்பத்தாறு" என்றாள். அவள் குரலே மாறிவிட்டது.

பிரெண்டன் குனிந்து, தாடையையும் வயிற்றையும் தாங்கி அதைத் தூக்கி, ஒரே ஒரு நொடி தலையைத் தன் இடுப்புக்கு நேராகப் பிடித்தான். வால் போட்டின் தரையைத் தொட்டது. தொட்டது மட்டுமில்லை, கொஞ்சம் மடிந்தும் கிடந்தது. எல்லாரும் பார்த்தோம்.

"தண்ணிக்குள்ள விடணும், மூச்சு முட்டும்" என்றாள் இனிகா.

அவன் நகரவில்லை. தன் அப்பாவைப் பார்க்கவில்லை. அளவுகோலை வைத்திருக்கிறவளையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

"ஆச்சி?" என்றான்.

இந்த நாட்டுக்கு வந்து இத்தனை நாளில், ஒரு காரியம் செய்யும் முன் என் முகத்தைப் பார்த்து ஒருத்தர் கேட்டது இப்போதுதான். குளிரில் கண்ணில் தண்ணீர் வந்தது. இந்த ஊர்க் காற்று அப்படி.

"விடுய்யா" என்றேன். "கிழவி. பாவம், போகட்டும்."

போட்டின் ஓரத்தில் மண்டியிட்டு, தாடையைப் பிடித்தபடி தண்ணீரில் முன்னும் பின்னும் ஆட்டினான். வெகுநேரம் அது சும்மா கிடந்தது. அப்புறம் வாலை ஒரு வீசு வீசியது. அவன் தாடி, முகம், என் கோட்டு எல்லாம் நனைந்தது. போய்விட்டாள்.

அதற்குப் பிறகு பிரெண்டன் தன் கம்பில் இன்னொன்றைப் பிடித்தான். முப்பது அங்குலம். சட்டத்துக்கு உட்பட்டது. இனிகா இரண்டு தடவை அளந்தாள். "தலை" என்றேன். "தலை, தலை" என்று அவனும் தலையை ஆட்டி, முழுசாக ஐஸில் வைத்தான்.

திரும்பி வரும்போது இனிகா மேலே மாமனாரோடு நின்றாள். லியோன் மறுபடி படுத்துவிட்டான். கண்ணாடி அறைக்குள் நானும் பிரெண்டனும் மட்டும் சூடாகக் காப்பி குடித்தோம். அவனுக்கு ஏதோ கதை சொல்லிக்கொண்டு வந்தேன். அவர் சீலா கொண்டுவந்த கதையாக இருக்கும். அவனுக்கு என் தமிழ் எட்டவில்லை, அதனால் கொஞ்சம் எழுந்து செய்தும் காட்ட வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்த பிறகு முட்டி இரண்டும் ஒரே வலி. குளிரால் இருக்கும்.


நவம்பர் 30, ஞாயிறு

திருவருகைக் காலத்து முதல் ஞாயிறு. பூசைக்குப் பிறகு வந்தார்கள். ரஸ் கோட்டு சூட்டில் இருந்தார், அவருக்கே அது யாருடையது என்று தெரியாதது போல நடந்தார். லொரெய்ன் பூச்செண்டோடு வந்தாள். ஜான்சி போனை ஜன்னலில் சாய்த்து வைத்து ஊருக்கு வீடியோ போட்டிருந்தாள். போன் முழுக்க மதினியின் நெற்றி.

நான் நிலைக்கு உள்ளே நின்றேன். பட்டுச் சேலை, கால்சட்டை உள்ளே, வெளியே தெரியாது. இனிகா என் தோளுக்குப் பின்னால். அவள் மூச்சு என் கழுத்தில் பட்டது.

பிரெண்டன் வாசற்படிக்குக் கீழே வந்து நின்றான். செவுளில் விரலைக் கோத்து, தலையை இடுப்புக்கு நேராகப் பிடித்தான். மீன் நல்ல மீன், செவுள் ரத்தச் சிவப்பு. ஆனால் வாலுக்கும் தரைக்கும் நடுவில் ஒரு பூனை தாராளமாகப் போகலாம்.

லியோன் கூரையைப் பார்த்தான். போனிலிருந்து மதினி, "தொடலையே" என்றாள்.

பையன் என்னைப் பார்த்தான். நான் வேறு எங்கோ பார்த்தேன். அப்புறம் அவன் மெதுவாக ஒரு முட்டியை மடக்கினான். இன்னொன்றையும் மடக்கினான். பனி கட்டின சிமெண்டுத் தரையில், புதுப் பேண்டோடு, இரண்டு காலிலும் மண்டியிட்டு நிமிர்ந்து நின்றான். மீன் தலை அவன் இடுப்புக்கு நேராகத்தான் இருந்தது. வால் தரையில் விழுந்து, இரண்டு பக்கமும் லேசாக அசைந்து, வாசலைக் கூட்டியது.

லொரெய்ன் இவன் மறுபடியும் இனிகாவைக் கல்யாணத்துக்குக் கேட்கிறான் என்று நினைத்து அழ ஆரம்பித்துவிட்டாள்.

நான் குனிந்து பார்த்தேன். அவசரப்படாமல் பார்த்தேன். எல்லாரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், இங்கிலீஷ் பேசுகிறவர்கள் உட்பட.

"தொட்டுட்டு" என்றேன். "உள்ளே வாய்யா. தரை குளிருது."

போனில் மதினி, "ஏட்டி, என் தம்பியேதான்" என்றாள். அவள் இந்தத் தடவை சிரிக்கவில்லை.

மோதிரம் போட்டபோது இனிகா என் காதில் கேட்டாள். "நீங்கதானே ஆச்சி சொல்லிக் கொடுத்தீங்க?"

"எனக்கு இங்கிலீஷ் தெரியுமா?" என்றேன்.

மீனை நான்தான் வெட்டினேன். தலை சம்பந்திக்கு, அதுதான் மரியாதை. குழம்புக்கு நடுவிலிருந்து அது ரஸ்ஸைப் பார்த்தது, ரஸ் அதைப் பார்த்தார். இரண்டு பேரும் கடல்காரர்கள். கன்னத்துச் சதையைத் தோண்டி எடுத்து நான் காட்டினேன். ஒரு வாய் வைத்தார். அப்புறம் எலும்பைத்தான் பார்த்தோம். இத்தனை வருஷமாக எறிந்த தலைகளை எண்ணியிருப்பார் போல, கடைசியில் முகம் வாடிவிட்டது.


டிசம்பர் 2, செவ்வாய்

மதினியை நானே கூப்பிட்டேன். சனிக்கிழமை விஷயத்தைச் சொல்லாமல் வைத்திருக்க முடியவில்லை. வள்ளத்தில் ஏறினேன் என்றேன். நானே ராட்டை சுற்றினேன் என்றேன். என் நெஞ்சு உயரத்துக்கு ஒரு மீன், இந்தக் கையால் பிடித்தேன் என்றேன்.

"அப்படியா? படம் இருக்கா?"

"இல்லை. நான்தான் எடுக்கக் கூடாதுன்னுட்டேன்."

"மீனு எங்க?"

"விட்டுட்டேன்."

"சரி, சரி" என்றாள் மதினி.

சாயங்காலம் பிரெண்டன் வந்தான். பக்கத்தில் உட்கார வைத்து, அவன் போனில் இருக்கிற மீன் படங்களையெல்லாம் காட்டச் சொன்னேன். ஒவ்வொன்றாக, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். எல்லாம் பெரிய மீன்தான். அவனிடமும் அப்படியே சொன்னேன்.